ஒன்றரை மணிக்கு நண்பகல்

ஷெப்பர்ட்டனில் தை மாதம்
கடிகாரம் ஒன்றரை காட்டும்போதுதான்
சூரியனுக்கு உச்சி.
அதுவும் வடக்கே சற்றுச் சரிந்த உச்சி.
வந்த புதிதில் ஒரு வருடம் முழுக்கத்
திசை தப்பி நடந்தேன்.

என் வேலை வெயில் அளப்பது.
ஒரு மீட்டர் கோல், அதில் எண்பது கண்கள்.
வெட்டவெளியில் ஒருமுறை பிடித்து
மரத்தடியில் ஒருமுறை பிடித்துக்
கழித்துப் பார்த்தால்
மரம் குடித்தது எவ்வளவென்று வரும்.
தரையில் விழுந்தது நட்டக் கணக்கு.
புல் குடித்ததை
யாரும் வரவில் வைப்பதில்லை.

பெசிமின் அப்பா வைத்த பேரி மரங்கள்
நடுவே திறந்த கிண்ணங்களாக இருந்தனவாம்.
ஐந்து வருடம் கவாத்து இல்லை,
கிண்ணம் தானே மூடி போட்டுக்கொண்டது.
கோலை உள்ளே நீட்ட நீட்ட
எண் சரிகிறது:
ஆயிரத்து எண்ணூறு.
அறுநூறு.
எண்பது.
அடிமரத்தை ஒட்டி முப்பத்தொன்று.
அங்கேயும் இலை இருக்கிறது, காய்தான் இல்லை.
இந்த வருடத்துப் பூ
போன கோடையின் வெயிலில் முடிவாவது;
அந்த வளார்கள்
போன கோடையையும் பார்க்கவில்லை.
மேல் கொப்பு எதையும் திருடவில்லை.
முன்னால் நின்றது,
அவ்வளவுதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் புதுத் தோட்டம்.
ஒவ்வொரு மரமும் ஓர் உண்டிவில் கவட்டை,
இரண்டு கையையும் விரித்து
ஏழு கம்பியில் இழுத்துக் கட்டியது.
தடிப்பு ஒரு முழம்.
ஒளிந்துகொள்ள ஒரு காய்க்கும் இடம் கிடையாது.
இது சிவக்கும் ரகம்,
வெயில் தொட்ட கன்னத்துக்குத்தான் விலை.
நூற்றுக்கு எழுபத்திரண்டு என்றேன்.
பெசிம் தொப்பியைக் கழற்றி
மரங்களுக்கே ஒரு வணக்கம் போட்டார்.

அப்புறம் அந்த வியாழக்கிழமை,
நாற்பத்துநான்கு பாகை.
மேற்குக் கை முழுவதும்
இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்த சட்டைபோல்
பழுப்புத் திட்டு.
ஒன்றை அறுத்துக் காட்டினார்.
கொப்பிலேயே வெந்திருந்தது.
இனி வலை போட வேண்டும்,
ஐந்தில் ஒரு பங்கு வெயிலைத் தடுக்கிற வலை.
வெயிலைப் பிடிக்கக் கம்பிக்கு ஒரு கடன்,
பிடித்த வெயிலைக் குறைக்க இன்னொன்று.
சிரித்தார். நானும் சிரித்திருக்கக் கூடாது.

பழைய மரங்களைப் பிடுங்குவதா என்பது
என் அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவாகும்.
பங்குனியில் இயந்திரம் வரத் தயார்.

கடைசி மரம், எண் பத்தொன்பது.
போனால் அடியில் ஆறு பேர் சாப்பிடுகிறார்கள்:
நஜிபா, அவள் கொழுந்தன்,
வனுவாட்டுக் கல்சாகாவ், அவன் கூட்டாளிகள் இருவர்,
பருப்பும் சோறும் பிசைந்தபடி திலோசன்.
புதுத் தோட்டத்திலும் நிழல் உண்டு.
கம்பிக்கும் சொட்டுக் குழாய்க்கும் கீழே
முயல் உட்காரும் அளவுக்கு.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள்.
என் அட்டவணையில்
அதற்குக் கட்டம் இல்லை.

"காலை மடக்குங்கோ, கோல் போகவேணும்" என்றேன்.
மடக்கினார்கள்.
கல்சாகாவ் தண்ணீர்ப் போத்தலையும் நகர்த்தினான்.
முப்பத்தொன்று. எழுதிக்கொண்டேன்.

"வெயிலை அளந்து யாருக்கக்கா விக்கிறியள்?"
திலோசன் கேட்டான்.
சோறு இருக்கிறது, இரும் என்றான்.

உட்கார்ந்தேன்.
அணைக்க மறந்த கோல் பக்கத்தில் கிடந்தது.
என் தோளின் நிழலும் அதன்மேல் விழ
எண் ஒரு தடவை துடித்து
இருபத்தாறில் நின்றது.