கிடைப் படிவம்

அறுப்பு முடிந்த வடுவூர் வயலில்
எங்கள் முந்நூறு ஆடு கிடை கிடக்கிறது.
பண்பாட்டைக் காப்பாற்ற வந்திருக்கிறாள்
நாகர்கோவில் பெண் ஜெர்லின்.
சம்பளம் இல்லையாம்.

'உங்க பாட்டு?'
இல்லை.
'ஆட்டம்?'
ஆடுதான் இருக்கு என்றான் என் கொழுந்தன் சேதுராக்கு.
சரி, ஆட்டைக் கூப்பிடுகிற சத்தமாவது என்றாள்.
கொடுத்தேன், போனில் பிடித்துக்கொண்டாள்.
அடித்தொண்டையில் கிளம்பி
நாக்கு நுனியில் அறுபடும்,
எழுத்துக் கிடையாது அதற்கு.

மத்தியானம் வாய்க்காலுக்கு அந்தண்டை
புங்க நிழலில் உட்கார்ந்து
ஒழுங்காகப் பதிந்திருக்கிறதா என்று
போட்டுப் பார்த்திருக்கிறாள்.

முந்நூறும் எழுந்தது,
நேற்றுக் குட்டி போட்டதைத் தவிர.
நடுவில் உளுந்து,
பூவும் பிஞ்சுமாய்.

ஆயிரம் கேட்டார் வயல்காரர்.
எண்ணூறில் முடிந்தது.
அவளே கொடுத்தாள்,
ஊருக்குப் போக வைத்திருந்ததில்.

பொழுது சாய
கிடையை மேலண்டை வயலுக்கு மாற்றுகையில்
வலையின் மறுமுனை அவள் கையில்,
செருப்பெல்லாம் புழுக்கை.

டார்ச் வெளிச்சத்தில் படிவத்தை எடுத்தாள்.
'இன்னும் புழக்கத்தில் உள்ளதா?'
ஆம், இல்லை
இரண்டு கட்டம்.
இரண்டையும் விட்டுவிட்டு
ஓரத்தில் எழுதினாள்:
எண்ணூறு ரூபாய்.