மாகா, மீடியம் சைஸ்

அயர்லாந்துக்குப் போகிற ஆர்டர்.
எட்டாயிரம் பீஸ். நெஞ்சில் பிரிண்ட்,
அந்த ஊர்ப் பொம்பளைச் சாமிகள்.
செத்தவர் தோளில் காக்காயாய் உட்கார்கிறவள்.
கிணற்றை இடப்பக்கமாய்ச் சுற்றப் போய்
பொங்கின தண்ணீரோடு ஆறாகிப் போனவள்.
இன்னொருத்தி வயிறு தள்ளி ஓடுகிறாள்,
பக்கத்தில் ரெண்டு குதிரை.

பேர் ஒன்றும் வாயில் நுழையவில்லை.
கட்டிங் டேபிளில் நாங்களே வைத்தோம்:
காக்காயாத்தாள், கெணத்தாத்தாள், குதிரையாத்தாள்.
ஆத்தான்னா ஆத்தாதான், எந்த ஊரானா என்னங்க என்று
பிரிண்டிங் ஆறுச்சாமி
முதல் ஸ்க்ரீனுக்குக் கற்பூரம் காட்டினான்.

ராயபுரம் பேக்கரியில்
தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே
நான்தான் வாயை விட்டேன்.
நூல் உறிஞ்சும் புது மெஷினை
முதலாளி மெச்சிக்கொண்டிருந்தார்.
"எங்கூட்டு நவமணி கையில கத்திரி குடுத்தா
உங்க மெஷின் பின்னாலதானுங்க நிக்கோணும்."
சிரித்தார்கள். பந்தயம் என்றார்கள்.
எட்டு மாசமுங்க, என்றேன் பிறகு.
பிறகு சொன்னது யார் காதிலும் விழவில்லை.

"புள்ள பொறக்கட்டுமுங்க, வெச்சுக்கலாம்" என்று
அவளும் கேட்டுப் பார்த்தாள்.
டெலிவரி தேதி ரெண்டுக்கும் குறித்திருந்தது.
மாற்றக்கூடாதது லாரியினுடையது.
தூத்துக்குடியில் கப்பல் யாருக்காக நிற்கும்?

ராத்திரி பூராவும் ஓடினாள்,
ஸ்டூலில் உட்கார்ந்தபடியே.
கத்திரி வாய் மூடவில்லை.
பஞ்சு பறந்து புருவம் நரைத்தது.
நான் ஓவர்லாக்கில் இருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை,
பார்த்தால் ஊசி கையில் ஏறும் என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.

விடிகாலை நாலரைக்கு
மெஷின் சிக்கி நின்றபோது
நாற்பத்தோரு பீஸ் முன்னால் இருந்தாள்.
யாரோ விசில் அடித்தார்கள்.
அட்டைப்பெட்டி அடுக்கைப் பிடித்துக்கொண்டு
மெதுவாய்க் குந்தினாள்.

ரெட்டை.
தாராபுரம் ரோட்டு ஆஸ்பத்திரிக்கு
மடித்த டீஷர்ட்டில் சுற்றித்தான் கொண்டு போனோம்.
ஆட்டோ ஏறும் முன்னால்
முதலாளியை, மானேஜரை, கடைசியாய் என்னைப் பார்த்து
ஒரே வார்த்தை சொன்னாள்:
"இருக்கட்டுமுங்க."

ரத்தம் பட்ட பதினாறு பீஸை
பின்குழாயடியில் மயிலாத்தாள் அலசினாள்.
அடித்து, பிழிந்து, மறுபடி அலசி,
எங்கள் ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்தபடி.
தண்ணீர் சாக்கடையில் இறங்கி நொய்யலுக்குப் போனது.
அங்கே சிவப்பு யாருக்கும் புதுசில்லை.

பாலிதீன் பைக்குள் கதைக் கார்டு ஒன்று போட வேண்டும்.
மெர்சண்டைசர் பையன் அதை மொத்தமாய்ப் படித்தது
சரக்கு போன பிற்பாடு.
ராஜாவின் குதிரைகளை என் பெண்டாட்டி ஜெயிப்பாள் என்று
எவனோ சந்தையில் பீற்றினானாம்.
மாகா ஓடினாளாம், எல்லைக்கோட்டில் பெற்றாளாம்.
எதிரி வாசலுக்கு வரும்போதெல்லாம்
இந்த ஊர் ஆம்பளைகளுக்குப் பிள்ளைவலி எடுக்கும்,
அஞ்சு பகல், நாலு ராத்திரி என்றாளாம்.
புருஷன் பேர் கார்டில் இல்லை.
இடம் பத்தவில்லையோ என்னவோ.

அடுத்த ஷிப்மென்ட்டுக்கு லாரி வந்து நின்றது.
முதலாளிக்குக் கல்லடைப்பு என்றார் டாக்டர்.
மானேஜருக்கு அல்சராம்.
எனக்கு ஸ்கேனில் ஒன்றுமே தெரியவில்லை.

பாயில் சுருண்டு கிடக்கிறேன்.
பிரிண்ட் கோணிப்போன ரிஜெக்ட் துணியில்
ரெண்டு தூளி ஆடுகிறது.
குதிரைகள் தலைகீழாய் ஓடுகின்றன.
மோரில் பெருங்காயம் கரைத்து நீட்டிவிட்டு
நவமணி கேட்கிறாள்,
முகத்தில் ஒன்றும் காட்டாமல்:
"எத்தன மாசமுங்க?"