குறிப்புப் பத்தி

பலகையில் எழுதியிருந்தது
‘கடலிடமிருந்து மீட்ட நிலம்’ என்று.
சலேத் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுக் கேட்டாள்:
“அடகு வச்சாத்தான மீக்க முடியும்?
யாரு வச்சா, எம்புட்டுக்கு வச்சா?”

நான் ராதாபுரம் தாலுகா சர்வேயர்.
அடகைப் பற்றி என் புத்தகத்தில் பத்தி இல்லை.

பதினோரு வருஷம் முன்னால்
வள்ளியூருக்கு மேற்கே ஒரு பொத்தையை அளந்தேன்.
உச்சியில் ஒரு கல்லித்தி,
அதன் நிழலில் நாலு ஆடு, தூங்கும் ஒருத்தன்.
இப்போது அந்தப் பொத்தை
கடலுக்குள் படுத்துக் கிடக்கிறது,
தூண்டில் வளைவு என்ற பெயரில்.
ஒரு கல்லில் அன்று நான் வெட்டச் சொன்ன அம்புக்குறி
தலைகீழாக, பாசியோடு.
எதைக் காட்டுகிறது என்று குனிந்து பார்த்தேன்.
நண்டு.

கல்லுக்கும் கரைக்கும் நடுவே
மூன்று கச்சான் காற்றில் வந்து சேர்ந்த மணல்
ஒரு ஹெக்டேர் அறுபத்திரண்டு ஏர்.
கொம்பையா சங்கிலியை இழுக்க இழுக்க
முளைக்குச்சி ஆடியது, கால் புதைந்தது.
பிறந்து இரண்டு வருஷமாகாத நிலத்தில்
பையன்கள் அதற்குள் கோல்போஸ்ட் நட்டிருந்தார்கள்.
ஒருத்தன் வலை காயப்போட்டிருந்தான்.
எடுக்கச் சொன்னேன்.
“எங்க போட, ஒங்க நோட்டுலயா?” என்றான்.

வடக்கெல்லை சாலை. தெற்கெல்லை கல்.
மேற்கெல்லை பழைய கரை.
கிழக்கெல்லை கடல்:
அதை மட்டும் எப்போதும்
பென்சிலில்தான் எழுதுவேன்.

சலேத் இந்த ஊர்க்காரி இல்லை,
தெற்கே அடுத்த துறை.
அங்கே முதல் வளைவு போட்ட வருஷம்
வளைவுக்கு இந்தப் பக்கம் கடல் ஏறியது.
நானூற்றுப் பதினேழில் மூன்று பி, அவள் மனை.
“இப்ப அதுல சாளை மேயுது” என்றாள்.
முந்தானையிலிருந்து எடுத்து நீட்டினாள்
இந்த வருஷத்து வீட்டு வரி ரசீது.
இல்லாத வீட்டுக்கு ஏனம்மா என்றேன்.
“கட்டாட்டி வீடு இல்லன்னு ஆயிருமே.”

பிறகு குதிங்காலால் மணலைத் தோண்டினாள்.
முழங்கை ஆழத்தில்
உள்ளங்கையகலம் சிவப்பு.

“எங்க வீட்டுத் தரைக்கு எட்டு வண்டி தேரிமண்ணு,
திசையன்விளையில இருந்து அடிச்சது.
சோநீவாட்டுல இழுத்துட்டு வந்து
இங்கன போட்டுருக்கு.”

இது கார்னட்டு மணல்,
இந்தக் கரை நெடுகக் கிடக்கும் என்றேன்.
“கார்னட்டு மினுங்கும், சார். இது ஒட்டும்.”
அலையில் நனைத்துக் கசக்கினாள்.
பெருவிரலை என் களப்புத்தகத்தில் வைத்து அழுத்தினாள்,
ரேஷன் கடையில் வைப்பதுபோல,
குறிப்புப் பத்திக்கு நேராக.

கொம்பையா சிரிக்க ஆரம்பித்து
பாதியில் வாயை மூடிக்கொண்டான்.

எழுத வேண்டியதைத்தான் எழுதினேன்:
அரசுப் புறம்போக்கு. தரிசு.
உரிமை கோருவோர் எவருமிலர்.
கடைசி வரி அந்தக் கறையைச் சுற்றிக்கொண்டு போனது,
கல்லைச் சுற்றும் தண்ணீர் மாதிரி.

“எங்க மண்ணுமேல ஏலக்கூடம் கெட்டப் போறாவ” என்றாள்.
கேள்வியா, தகவலா, தெரியவில்லை.
எந்த மீன் முதலில் ஏலம் போகும் என்றும் கேட்டாள்.
பிறகு ஆறரை மணி பஸ்ஸுக்கு
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

திருநெல்வேலியில் வரைவாளர் கேட்டார்:
“என்னய்யா இது, கறை?”
காப்பி என்றேன்.
சுத்தப் பிரதியில் அது இல்லை.

ஐப்பசியில் நீவாடு திரும்புமாம்.
மணலும் கொஞ்சம் திரும்பும் என்று
கொம்பையா சொல்கிறான், அவன் மச்சான் சொன்னதாக.
எவ்வளவு என்று கேட்டேன்.
அளக்கவா முடியும் என்றான்.