ஐந்தடி எட்டு

றாக்கைக்கு ஒரு கை உண்டு.
நிமிர்ந்து நிற்கிற சைக்கிளை
இடுப்பில் பிடிக்கப் பழகிய கை.
என் சைக்கிளுக்கு இடுப்பே இல்லை.
சாய்மனைக் கதிரைக்கு இரண்டு சில்லுப் பூட்டி
பெடலை முகத்துக்கு நேரே வைத்தது போல் ஒரு பிறவி.
நாட்டை விட்டுப் போன ஒல்லாந்துக்காரன்
பிரிட்ஜோடு சேர்த்து விற்றது.
படுத்துக்கொண்டு ஓடுகிறவர் என்று
கல்லடியில் எனக்குப் பேர்.

டச்பாரில் செரில் பாத்தலோட்டின் பட்டறை.
கேற் ஒன்றைப் பாதியில் விட்டு வந்தாள்,
கறுத்தக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
கார்க் கூரையில் அந்தக் கை
காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது.
"இது நிக்கிறதுக்குச் செஞ்சது. உங்கட சாமான் படுக்குது.
கையை வெட்டுவம்."

வெட்டினாள், ஒரு சாண் மட்டும் விட்டு.
பிடிக்கும் வாய்க்குள் பழைய ரியூப் வார் மூன்று சுற்று,
பெயின்ற் தேயாமலிருக்க.
தட்டும் கட்டை. பின்சில்லு அந்தரத்தில்.
யன்னல் வேலையில் மிஞ்சிய அலுமினிய வாய்க்கால் ஒன்று
மூலையில் கிடந்தது.
ஒட்டிவிடுங்கள் என்றேன்.
"அலுமினியம் இரும்போட ஒட்டாது. போல்ட்தான்."
சொல்லி முடிக்குமுன் துளை விழுந்திருந்தது.
மறுகா முன்குழாயை உள்ளே தள்ளி
முன்சில்லைக் கழற்றி
அளவுநாடா பிடித்தாள்.
ஐந்தடி எட்டு.
"உங்கட உயரம்," என்று சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
நாலாயிரத்து ஐந்நூறு.

சனிக்கிழமை வெள்ளனப் புறப்பட்டேன்.
பொத்துவில் போய், பாணமை வீதியில்
வயலும் மயிலும் பார்த்துப் படுத்தபடி மிதிக்க ஆசை.
கடற்காற்றில் செயின் உப்புப் பிடிக்கும் என்று
கட்டில் விரிப்பால் முழுதும் சுற்றினேன்.
வெள்ளை விரிப்பு. கைக்குக் கிடைத்தது அதுதான்.
நாலு இடத்தில் கட்டு.
முன்சில்லு என் பக்கத்து ஆசனத்தில்,
பெல்ட் போட்டுக்கொண்டு.

ஆரையம்பதியில் ஒருவர்
சைக்கிளால் இறங்கி நின்றார்.
களுவாஞ்சிகுடியில் முன்னே போன ஓட்டோ
ஹோர்ன் அடிக்காமலே ஒதுங்கியது.
இந்த வீதியில் ஓட்டோ ஒதுங்கி நான் கண்டதில்லை.
நல்ல சகுனம் என்று நினைத்தேன், மடையன்.
ஓந்தாச்சிமடத்தில் பஸ்ஸுக்கு நின்ற பெண்
பையை நிலத்தில் வைத்தாள்.
என்னைப் பார்க்கவில்லை. கூரையை.
அதன் நீளத்தை.
கட்டுகளை எண்ணுகிறவள் போல.
எதையோ கேட்கத் திறந்த வாய்
கேட்காமல் மூடியது.
எத்தனையோ வாகனங்களிடம்
கேட்டு முடித்த வாய்.

கல்லாற்றுப் பாலத்தில்தான் எனக்கு உறைத்தது.
இந்த வீதியால்
இந்த நீளத்தில்
வெள்ளை சுற்றி.
எனக்கு நாற்பத்தாறு வயது.
தெரியாதவன் இல்லை நான்.
மறந்து போய்ச் சுற்றியிருக்கிறேன்.

பாலம் கடந்து ஓரங்கட்டினேன்.
மூன்று கட்டு விரலுக்கு அவிழ்ந்தது. நாலாவது பல்லுக்கு.
விரிப்பு காற்றில் எழும்பி என் முகத்தை மூடியது,
இழுத்துச் சுருட்டி டிக்கிக்குள் எறிந்தேன்.
வெயிலில் சிவப்பு வலை ஆசனம். பெடல். மணி.
ஒல்லாந்துக்காரன் ஒட்டிய வாத்து ஸ்டிக்கர்.
ஐஸ்பழம் உறிஞ்சிக்கொண்டு ஒரு பொடியன்:
"சைக்கிள் ஏன் மாமா படுத்துக் கிடக்கு?"
நித்திரை என்றேன்.
ஏறி மணியை ஒருக்கா அடித்துக் காட்டினேன்.

அவளுக்கும் காட்ட வேண்டும் போலிருந்தது.
காரைக் கிறுக்கிக்கொண்டு
பாலத்தால் திரும்பி வந்தேன்.
பஸ் வந்து போயிருந்தது.
அவள் பை வைத்த இடத்தில்
ஒரு முருங்கைக்கீரை நெட்டு.

மறுகா பொத்துவில் மட்டும்
ஒவ்வொரு வேகத்தடையிலும்
கூரையில் டிக் என்று ஒரு சத்தம்.
செரில் போட்ட மூன்றாவது போல்டாக இருக்க வேண்டும்.
வோஷர் ஒன்று கேட்கிறது.