அணியத்தில் என்ன விலங்கு

தடைக்காலத்தின் இருபதாம் நாள்.
மூக்கையூர்த் துறையில்
கரையேறி நிற்கிறது இன்னாசியின் விசைப்படகு.
அணியத்தில் ஒரு புலி வேண்டும் என்றார்.
கால் லிட்டர் மஞ்சள், அதில் பாதி கறுப்பு,
வால் மட்டும் பாக்கி இருந்தபோது
மிக்கேலம்மாள் வந்தாள். படகுக்கடன் அவள் பெயரில்.

"புலியா? அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டா
படத்துக்கு யாரு பதில் சொல்றது?"

இரண்டே எழுத்து.
இந்தக் கரையில் அதை இன்னும்
குரல் தாழ்த்தித்தான் சொல்கிறோம்.

வேங்கை என்று எழுதிவிடலாம் என்றேன்.
உழுவை, கொடுவரி, வல்லியம்,
பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணி
மதிப்பெண் வாங்கிய பெயர்களை
ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன்.
"பேரை மாத்துனா கோடு அழியுமா?" என்றாள்.

சிங்கம்?
அவள் கிழக்கே பார்த்தாள்.
தண்ணீருக்கு அப்பால் அது ஏற்கெனவே
வாளைப் பிடித்தபடி துணியில் நிற்கிறது.

சிறுத்தை?
"அதுக்கும் ஒரு கொடி இருக்கு, தம்பி.
ஏலக்கூடத்துல கட்சி வேணாம்."

ஜாகுவார் குழாயில்ல என்றான் மகன் ரொசாரியோ,
மஸ்கட்டில் நாலு வருஷம் குழாய் மாட்டியவன்.
பூமாவுக்கு அவன் வாயே திறக்கவில்லை,
வலது காலைத் தூக்கிக் காட்டினான்.
கருஞ்சிறுத்தை தனி விலங்கே இல்லை,
வெயிலில் நிறுத்தினால்
கறுப்புக்கு அடியில் அதே புள்ளிகள் தெரியும் என்று
நான் சொல்லியதை யாரும் கேட்கவில்லை.

எங்களுக்கென்று காடு ஏது?
சீமைக்கருவேலம்தான், அதில் முள்ளும் கரியும்.
எங்களுக்குத் தெரிந்த புலிச்சுறாவுக்குச் செவுள் உண்டு.
புலி இறால் கிலோ இன்ன விலை.
மற்றதெல்லாம்
காட்டில் மிச்சம் இருக்கிறதோ என்னவோ,
பெயரில் ஒன்றுகூட மிச்சமில்லை.

சிவிங்கி, என்றேன் கடைசியாக.

"ஒட்டகச்சிவிங்கியா? கழுத்துக்கு எங்க இடம்?"
துறையே சிரித்தது.

இல்லை. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டால் மிஞ்சுவது.
சிறுத்தையின் புள்ளி உடைந்த வளையல்,
ஜாகுவாரின் வளையலுக்குள் ஒரு பொட்டு,
இதற்கு வளையலே இல்லை, வெறும் பொட்டு.
ஒடுங்கிய வயிறு.
கண்ணிலிருந்து வாய்வரை இரண்டு கறுப்புக் கோடு.
இது கர்ஜிக்காது, குருவி மாதிரி கீச்சிடும்.

"எந்த ஊருல இருக்கு?"
நம் நாட்டில்தான் இருந்தது.
ராஜாக்கள் மானுக்கு ஏவினார்கள்,
பிறகு ஒன்றுகூட இல்லாமல் போனது.
இப்போது விமானத்தில் கொண்டுவந்து
வடக்கே விட்டிருக்கிறார்களாம்.

"கொடி?"
இல்லை.
"செருப்பு?"
எனக்குத் தெரிந்து இல்லை.
மிக்கேலம்மாள் கண்ணீர்க் கோட்டையே பார்த்தாள்.
"சரி, எழுது."

வரிகளை உடைத்து உடைத்துப் பொட்டாக்கினேன்.
ஒரு வரிக்கு நாலு, சிலதுக்கு ஐந்து.
உடம்பைத்தான் மெலிய வைக்க முடியவில்லை.
தடை முடிந்த இரவு
புலியின் தோள்களோடு சிவிங்கி கடலில் இறங்கியது.

நடுக்கடலில் ரோந்துப் படகிலிருந்து
டார்ச் அடித்துக் கேட்டார்களாம்:
"என்னய்யா இது, பூனையா?"
"ஆமாங்க."
"மீன் திங்குமா?"
"கெடைச்சா."

ஆவணியில் போய்ப் பார்த்தேன்.
உப்பு மஞ்சளைத் தின்றிருந்தது.
விலாப்பக்கம் பொட்டுகள் உதிர்ந்து
பழைய வரி மூன்று, முழுசாக.
தூரிகையை நனைத்தேன்.
"கெடக்கட்டும், அடுத்த தடைக்காலத்துல பாத்துக்கலாம்"
என்றாள் மிக்கேலம்மாள்,
குரலைத் தாழ்த்தி.