அடுப்பு பற்றாத துவரன்

ஷார்ஜாவில் பதினோரு வருஷம்
ஒரு கோழிக்கடையின் பின்கட்டில்
நாளொன்றுக்கு நாற்பது கிலோ கோசு அரிந்தவன் நான்.
அரிந்தது மெஷின். நான் தள்ளிக்கொடுத்தேன்.
மயோனைஸ் வெள்ளை வாளியில் வரும்,
மூடியைத் திறந்தால் போதும்.
அதை எப்படிச் செய்கிறார்கள் என்று
ஒருநாளும் யோசித்ததில்லை.
அந்த வாளிகளில் ஒன்று
சோப்பும் பால்பொடியும் அடைத்து
என்னோடு விமானமேறி வந்தது.
கருங்கல் வீட்டில் இப்போது கோழித்தவிடு அதில்தான்.

ஆடிச் சாரல் விடாத ஒரு சனிக்கிழமை
அபிஷா கேட்டாள்:
"அப்பா, நீங்க அங்க என்னதான் செய்தீங்க?"
காட்டுகிறேன் என்று
குடையோடு சந்தைக்குப் போனேன்.
கோசு இரண்டு, கருங்கல்லாட்டம் கனத்தது.
காரட் நாலு. விநாகிரி ஒரு குப்பி.

முட்டை மஞ்சள் இரண்டு, கடுகுப்பொடி ஒரு நுள்ளு,
மிக்சி சுற்றச் சுற்ற
எண்ணெயை நூலாக விடவேண்டுமாம்.
நூலுக்குப் பொறுமையில்லை, கயிறாக விட்டேன்.
பிரிந்துபோயிற்று.
மேலே எண்ணெய், கீழே மஞ்சள் கஞ்சி,
பாகப்பத்திரம் எழுதி முடித்த அண்ணன் தம்பி போல.
அந்நேரம் பார்த்து கரண்டும் போனது.

புஷ்பலீலா ஒன்றும் சொல்லாமல்
மோர் மத்தை நீட்டினாள்.
புதிதாய் ஒரு மஞ்சள். அதன்மேல்
பிரிந்ததையே சொட்டுச் சொட்டாக.
நான் கடைய, அவள் கிண்ணத்தைச் சரித்துப் பிடித்திருந்தாள்.
இந்தப் பதினோரு வருஷத்தில்
நாங்கள் சேர்ந்து செய்த முதல் வேலை இதுதானா என்று
கணக்குப் பார்க்கத் தொடங்கி
விட்டுவிட்டேன்.
கை கடுத்து, இனி ஆகாது என்னும்போது
சட்டென்று கெட்டிப்பட்டது.
பால் உறைகிற மாதிரி இல்லை,
ஒரு முடிவெடுத்த மாதிரி.

கோசை அவள் துவரனுக்கு அரிகிற பொடியாக அரிந்தாள்.
"நீளமா வேணும்" என்றேன்.
"நீளமா கிடந்தா நாடா மாதிரி வாயில தொங்கும்" என்றாள்.
பாதி அவள் அளவு, பாதி என் அளவு.
உப்புப் பிசறி அரைமணிநேரம் வைத்துப்
பிழியச் சொன்னதும் அவள்தான்.
கடையில் நாங்கள் பிழிந்ததே இல்லை.
சாயங்கால டப்பாக்களின் அடியில்
தண்ணீர் தேங்கியது எதனால் என்று
கருங்கல்லில் வைத்துத்தான் தெரிந்தது.

சீனி கொஞ்சம், நல்லமிளகு, விநாகிரி.
கரண்டு வந்தபின் ஒரு மணிநேரம் பிரிட்ஜில்.
மயக்கின மரச்சீனி, பொரித்த சாளை,
ஓரத்தில் குளிர்ந்த வெள்ளையாய் இது.
அபிஷா இரண்டு தரம் வாங்கினாள்,
மீன்முள்ளை ஒதுக்கிவிட்டு மூன்றாவது தரமும்.
புஷ்பலீலா சொன்னாள்:
"அடுப்பு பத்தவைக்க மறந்த துவரன்."
சொல்லும்போது அவள் தட்டு காலி.

மூன்று பேருக்கு எவ்வளவென்று என் கைக்குத் தெரியாது.
மீதியில் ஒரு கிண்ணம்
மதிலுக்கு மேலே
ஞானரெத்தினம் டீச்சர் வீட்டுக்குப் போனது.
விளக்கு வைக்கும் நேரம் கிண்ணம் திரும்பி வந்தது,
உள்ளே நாலு மட்டிப்பழம்.
மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து குரல் மட்டும்:
"நல்லா இருந்து, கேட்டியா.
நான் கொஞ்சம் கடுகும் உளுந்தும் தாளிச்சுக் கொட்டினேன்.
பிறகுதான் ஒரு கறின்னு ஆச்சு."

புஷ்பலீலா என் பக்கம் திரும்பவேயில்லை.
மத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்,
தோள் குலுங்கக் குலுங்க.