பன்னிரண்டும் புதுசு

நான்காவது தடவை டெல்ஃபினா காரைக் கொண்டுவந்து
பட்டறை வாசலில் நிறுத்தினாள். அணைக்கவில்லை.
"நீயே கேள், எம்ரிஸ்."

டிக் டிக் டிக்.
ட்ரெலியூவின் அக்டோபர் காற்று
கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது.
அதற்குள்ளும் அது தனியாகக் கேட்டது,
யாரோ கண்ணாடியில் மோதிர விரலால் தட்டுவதுபோல.

முதல் தடவை எண்ணெய் மெலிசு என்றேன்,
கெட்டியானது ஊற்றினேன்.
அடுத்த தடவை எக்ஸாஸ்ட் கசிவு.
சோப்பு நீர் தெளித்தேன், ஒரு குமிழும் எழவில்லை,
ஆனாலும் கேஸ்கட் மாற்றினேன்.
பிறகு புஷ் ராடுகளை உருவி
ஜன்னல் கண்ணாடியைப் படுக்கப்போட்டு உருட்டினேன்.
பன்னிரண்டும் நேராகத்தான் உருண்டன,
தேர்வுக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி.
ஒவ்வொரு தடவையும் வால்வு இடைவெளி பார்த்தேன்.
ஃபீலர் தகடு சரியாகவே நுழைந்தது,
சரியாகவே இழுத்துப் பிடித்தது.

பெங்குவின் பார்க்க வருகிறவர்களை
நாளுக்கு இரண்டு நடை ஏற்றிப்போகிற வண்டி.
"பின்சீட்டில் ஒரு ஜெர்மன்காரர் கேட்கிறார்,
திரும்பி வந்துவிடுவோமா என்று."

இன்று நீள ஸ்க்ரூடிரைவரை அவளே எடுத்தாள்.
நுனியை வால்வு மூடிமேல் ஊன்றி
பிடியைக் காதெலும்பில் வைத்து
முன்னிருந்து பின்னுக்கு நகர்ந்தாள்.
"இங்கே."
ஐந்தாவது சிலிண்டர்.
அதன் பிளக் வயரைக் கழற்றினேன், சத்தம் மாறவில்லை.
"பேரிங் இல்லை, மேலேதான்" என்று மூச்சுவிட்டேன்.
"நிம்மதி உனக்கா எனக்கா?"

மூடியைத் திறந்தே ஓடவிட்டோம்.
சுடு எண்ணெய் சட்டையில் புள்ளி புள்ளியாய் விழ
ஆடும் ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே
அவள் ஒரு மெல்லிய தகட்டைச் செருகினாள்.
காற்றில் அடித்துக்கொள்ளும் கதவிடுக்கில்
காகிதம் மடித்துச் செருகியதுபோல
நின்றது.
உருவினாள். டிக்.

அணைத்து, ராக்கரைக் கழற்றி
அதன் மூக்கில் நகத்தை ஓட்டினாள்.
நகம் இறங்கியது.
வால்வு நுனி அளவுக்கு, வட்டமாக, பளபளவென்று
ஒரு குழி.
பள்ளத்தின்மேல் போட்ட பலகை ஆழத்தை அளக்காது.
தகடு இத்தனை நாள் கரைக்குக் கரை படுத்துக்கொண்டு
சரி, சரி என்றிருக்கிறது.

தகடு அறியாது.
நான் அறிவேன்.

பிப்ரவரியில், ரிங்கும் பேரிங்கும் வாங்கி முடித்தபோது
ராக்கர் விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.
பழையதைக் கெரசினில் ஊறப்போட்டு
உப்புத்தாள் தேய்த்தேன். மின்னின.
ரசீதில் எழுதினேன்:
ராக்கர் பன்னிரண்டு, புதிது.
பேனா சற்றுத் தயங்கிய இடம்கூடத் தெரியும் அதில்.

அவள் கத்தவில்லை.
டாஷ்போர்டிலிருந்து அந்த ரசீதை எடுத்துவந்தாள்,
நாலாக மடித்தாள்,
சிலிண்டர் ஹெட்டின்மேல் வைத்தாள்.
"இது எவ்வளவு தடிமன்?"

கை தானாக மைக்ரோமீட்டரைத் தேடியது.
வெட்கம் பிறகுதான் வந்தது.
"கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே."
"குறித்துக்கொள்" என்றாள்.

பஹியா பிளாங்காவிலிருந்து
பஸ் டிக்கியில் ஆறு நாளில் வந்தன.
என் காசு. அந்த ஆறு நாளும்
அவள் அத்தைமகன் வண்டிக்கு வாடகையும் என் காசு.
பெட்டிகளை அவள் முன்னால்தான் பிரித்தேன்.
பன்னிரண்டு மூக்கிலும் நகம் ஓட்டினாள்.

ஓடவிட்டோம்.
அடுத்த வீட்டுத் தையல் மிஷின் மாதிரி ஒரு சன்னமான முணுமுணுப்பு.
"இன்னும் கேட்கிறதே?"
"இது கேட்கணும்.
சத்தமே இல்லாத வால்வு இறுக்கமாய் இருக்கும்,
முழுசாய் மூடாது. உள்ளே எரியும்,
எரிவது வெளியே தெரியாது."

சொல்லிவிட்டு நான்தான் தலை குனிந்தேன்.

கொஞ்ச நேரம் பார்த்தாள்.
மேஜைமேல் இருந்த ஃபீலர் கேஜை எடுத்து
துடைக்காமலே கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
தெற்கே வண்டியைத் திருப்பினாள்.

நல்ல செட், இருபது தகடு.
டிசம்பர் வந்துவிட்டது.
அவளும் தரவில்லை, நானும் கேட்கவில்லை.